டலாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சபை வாலிபர்களுக்கு

ரங்கூனில் பான்சொடான் துறையில் படகேறினால் பத்து நிமிஷத்தில் டலாவில் இறங்கிவிடலாம். இந்தக் கரையில் நின்றாலே அக்கரை தெரியும், அவ்வளவுதான் தூரம். ஆனால் மார்ச் பிறந்துவிட்டால் அங்கே குடிக்கத் தண்ணீருக்குத் திண்டாட்டம். கோடையில் கடல் ஏற்றத்தில் ஆறு உவர்த்துவிடும், நிலத்தைத் தோண்டினாலும் உப்புத்தான், ஆகவே மழைக்காலத்தில் குளத்தில் தேங்கியதை வைத்துத்தான் அடுத்த மழைவரை ஓட்டியாக வேண்டும். குளம் அடிமட்டத்துக்குப் போகிற ஏப்ரல், மே மாதங்களில் வேலி போட்டு, நேரம் குறித்து, வீட்டுக்கு இத்தனை வாளி என்று அளந்து விடுவார்கள்.

எங்கள் சபை வாலிபர்கள் வருஷா வருஷம், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களில் அங்கே தண்ணீரும் அரிசியும் எடுத்துப் போகிறோம். தான்லியன், பெகு, மோல்மீன் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் இருந்து, நாங்களும் இப்படி ஒரு ஊழியப் பயணம் போகலாம் என்று இருக்கிறோம், எப்படி ஏற்பாடு செய்வது என்று கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். டலா என்று சொன்னாலும், கோடையில் காய்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பது எப்படி என்று நாம் சொல்லித்தர வேண்டிய ஊர் அல்ல இது. பிரிட்டனின் சாரிட்டீஸ் எய்டு ஃபவுண்டேஷன் வெளியிடும் உலகக் கொடைப் பட்டியலில் 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு வருஷம் முதலிடம் மியான்மருக்குத்தான் (2014-ல் மட்டும் அமெரிக்காவோடு சமமாக). பட்டியலை விடுங்கள், தெருவில் நடந்து பாருங்கள். வீட்டு வாசலில், மர நிழலில், ஒரு சின்னக் கூரை போட்டு இரண்டு மூன்று மண்பானை, மேலே மூடி, அதன்மேல் ஒரு குவளை. யேஒசின் என்பார்கள். போகிறவர் வருகிறவர் யாராக இருந்தாலும் குடித்துவிட்டுப் போகலாம். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் சித்திரையில் கட்டி ஆனியில் பிரிப்பது, இது வருஷம் முழுக்க நிற்பது. திஞ்ஞான் என்கிற புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வந்தால் சதுதிதா என்று தெருவுக்குத் தெரு சாப்பாடு போடுவார்கள், யார் எவர் என்று கேட்பதில்லை. நாற்பது வீடுள்ள ஏழைத் தெருவிலும் அது நடக்கும். இந்த மனிதர்களிடம்தான் நாம் போகிறோம். அவர்களிடம் இல்லாதது இப்போதைக்குத் தண்ணீர் மட்டும்தான்.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

வெறுங்கையோடு முதல் நடை

பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் இரண்டே இரண்டு பேர் போய்வாருங்கள். கையில் எதுவும் வேண்டாம். அந்த ஊரில் ஊழியம் செய்கிற போதகரையோ, விசுவாசக் குடும்பத்தையோ முதலில் பாருங்கள்; அவர்களைத் தாண்டி நீங்களாக ஒரு தெருவுக்குள் இறங்கக் கூடாது, ஏனென்றால் நீங்கள் சாயங்காலம் படகேறிவிடுவீர்கள், நீங்கள் செய்த குழப்பத்தோடு அடுத்த நாள் வாழப்போகிறவர் அவர். அப்புறம் வார்டு அலுவலகம். அப்புறம் அந்தப் பகுதி புத்த மடத்தின் சயாடோ, அதாவது தலைமைப் பிக்கு. மடத்துக்கு எதற்கு என்று சில சபைகளில் முகம் சுளிக்கிறார்கள். டலாவில் எந்தச் சந்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று மடத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், காலை நீட்டாமல் மடக்கி உட்கார்ந்து, இன்ன சபை, இன்ன தேதியில் இத்தனை வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவர நினைக்கிறோம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு அங்கே கிடைத்தது மரியாதையும், எந்தத் தெருவுக்கு யார் ஏற்கெனவே கொண்டுவருகிறார்கள் என்ற முழு விவரமும்.

வீடுகளில் பேசும்போது "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள். "எல்லாம் இருக்கிறது" என்றுதான் பதில் வரும். பர்மிய மொழியில் ஆனாடே என்று ஒரு சொல் உண்டு, இங்கே பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியும், இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தன்னால் அடுத்தவருக்கு ஒரு சங்கடம் வந்துவிடக் கூடாதே என்கிற கூச்சம் அது. பசியோடு இருந்தாலும் சாப்பிட்டாச்சு என்று சொல்ல வைக்கும். ஆகவே தேவையைக் கேட்காமல் நடப்பைக் கேளுங்கள். குளம் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்? வீட்டுக்கு எத்தனை வாளி? யார் போய்ச் சுமந்து வருகிறார்கள்? கடைசியாகத் தண்ணீர் லாரி எப்போது வந்தது? அது எந்தச் சந்துக்குள் நுழையாது?

கடைசிக் கேள்விதான் தங்கம். ரங்கூனில் இருந்து தண்ணீர் கொண்டுபோகிற நல்ல மனிதர்கள் நிறையப் பேர். எல்லா லாரியும் மெயின் ரோட்டில் நிற்கிறது, ரோட்டோரத்து வீடுகள் இரண்டு தடவை வாங்கிவிடுகின்றன. உள்ளே மூங்கில் பாலம் தாண்டி இருக்கிற வீட்டுக் கிழவி, காவடியில் இரண்டு டின் தண்ணீர் சுமக்கிற வயது தாண்டியவள், அவளுக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை. உங்கள் பட்டியல் அங்கே இருந்து தொடங்கட்டும்.

நாற்பது நாள் பிடியரிசி

லெந்து நாட்களும் டலாவின் வறட்சியும் ஒரே சமயத்தில் வருவது எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி. சாம்பல் புதனன்று சபையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காலி டப்பா கொடுத்துவிடுகிறோம். உலை வைக்கிற ஒவ்வொரு தடவையும் களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அதில் போட வேண்டும், நம் அம்மாக்களும் பாட்டிகளும் செய்த அதே பிடியரிசிக் காணிக்கைதான். சாப்பிட்டு மிஞ்சியதில் இருந்து எடுப்பது கணக்கில் சேராது, முதலிலேயே எடுக்க வேண்டும். பிடி 40 கிராம், நாளுக்கு இரண்டு வேளை என்று வைத்தால் நாற்பது நாளில் ஒரு வீட்டில் 3 கிலோ 200 கிராம் சேரும். முப்பது வீடு சேர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு மூட்டை.

ஒரு வருஷம் சபையில் வசதியான ஒரு பெரியவர், "எதற்கு இவ்வளவு பாடு, அந்த இரண்டு மூட்டையை நானே வாங்கித் தந்துவிடுகிறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எங்கள் போதகர் அவரிடம், "உங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கிறது ஐயா, அதில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் மூட்டை வாங்கிக் கொடுத்திருந்தால் மற்ற இருபத்தொன்பது வீட்டுப் பிள்ளைகளும் சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இப்போது ஏழு வயதுப் பிள்ளை அம்மாவுக்கு ஞாபகப்படுத்துகிறது, "பிடி எடுத்தீங்களாம்மா?" என்று. ஏழைகளுக்காக என்று எடுக்கிற வீடுகளில் பாதி வீடுகள் ஏழை வீடுகள்தான், நம் சபைகளின் நிலைமை நமக்குத் தெரியாதா. அவர்களை விட்டுவிடாதீர்கள், "நீங்கள் போட வேண்டாம்" என்று இரக்கப்பட்டுச் சொல்வதுபோல ஒரு அவமானம் வேறு இல்லை. யார் எவ்வளவு என்று எழுதி வைக்கவும் வேண்டாம், எல்லா டப்பாவும் ஒரே அண்டாவில் கொட்டப்படட்டும். அளக்கும்போது பால் டின்னால் பிள்ளைகளையே அளக்கவிடுங்கள். எட்டு டின் ஒரு பியி (இங்கே அரிசி அளக்கிற படி) என்று எண்ணிக்கொண்டே அவர்கள் அளக்கிற சத்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம்.

தண்ணீர்க் கணக்கு

பேரிடர் உதவியில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று உலக அளவில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், குளிக்க, துவைக்க எல்லாம் சேர்த்து. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் 3 லிட்டரில் ஒப்பேற்றலாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 15 லிட்டர். அப்படியானால் 20 லிட்டர் கேன் ஒன்று கொடுத்தால் அது அடுத்த நாள் பாதியில் தீர்ந்துவிடும், இதைத் தெரிந்துகொள்ளாமல் நானூறு வீட்டுக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு வருவதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அறுபது வீட்டுக்கு ஒரு வாரம் என்று வையுங்கள்: 6,300 லிட்டர். இங்கே லாரிக்காரர் காலனில்தான் பேசுவார், காலன் நாலரை லிட்டர், ஆகவே 1,400 காலன் என்று சொல்லுங்கள். உங்கள் பணத்துக்கு முப்பது வீடுதான் முடியும் என்றால் முப்பது வீடு போதும், ஆனால் ஒரு வாரம் நிற்கட்டும்.

நாங்கள் முதல் வருஷம் செய்த தப்பு சின்ன பாட்டில்கள். பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி, வேகமாகக் கொடுத்து முடித்து, சந்தோஷமாகத் திரும்பிவிட்டோம். அடுத்த மாதம் போனபோது அந்தக் குளத்து ஓரமெல்லாம் காலி பாட்டில் மிதந்தது. அவர்கள் குடிக்கிற குளம் அது. அன்றைக்கு இறங்கிப் பொறுக்கினோம், அதற்கப்புறம் பாட்டில் எடுத்ததே இல்லை. பெரிய டாங்கி, குழாய், அவரவர் பாத்திரம். தண்ணீரை முடிந்தால் அக்கரையிலேயே விலைக்கு வாங்குங்கள், அரிசி போதாவிட்டால் மிச்சத்தை அந்தத் தெருக் கடையிலேயே வாங்குங்கள். நீங்கள் இலவசமாகக் கொடுக்கிற வாரத்தில் அந்தக் கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிடும், அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய துணி மூட்டை கட்டி எடுத்துப் போகவே வேண்டாம்.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். எல்லோரும் அடையாள அட்டை எடுத்துவர வேண்டும். இரவு தங்கினால் தங்குகிற வீட்டுக்காரர் வார்டு அலுவலகத்தில் விருந்தாளி என்று பெயர் கொடுக்க வேண்டும். நீங்கள் மறந்தால் மாட்டிக்கொள்வது அவர். 2024 பிப்ரவரியில் இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு 18 முதல் 35 வயது வரை ஆண்பிள்ளைகளையும், 18 முதல் 27 வரை பெண்பிள்ளைகளையும் வைத்திருக்கிற பெற்றோருக்கு வாசலைத் தாண்டினாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து பேசி, முழுச் சம்மதம் வாங்கி, விடிகாலை போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்புகிற மாதிரி வையுங்கள். வர முடியாத பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பிடியரிசியில் அவனும் பங்குதான்.

அன்றைய நாள்

ஜப்பான் 2014-ல் கொடுத்த செர்ரி என்ற பெயருள்ள பயணிகள் படகில் கூட்டத்தோடு கூட்டமாகப் போங்கள். பேனர் வேண்டாம், ஒரே நிறத்தில் பெயர் போட்ட சட்டை வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று கர்த்தர் சொன்னதை, ஆறடி பேனர் பிடித்துக்கொண்டு எப்படிக் கடைப்பிடிப்பது? போட்டோவும் வேண்டாம். கணக்குக் காட்ட லாரியையும் ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும். கையேந்தி நிற்கிற நிமிஷத்தில் தன் முகம் எங்கேயோ பதிவாவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள், ஆனாடே இருப்பதால் உங்களிடம் வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள். லாரி மேலே நின்று மிட்டாய் எறிவதெல்லாம் பிள்ளைகளை முட்டிமோத வைக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுங்கள், அல்லது வலது கையில் பிடித்து இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு கொடுங்கள், இங்கே மரியாதை அதுதான். வயதுக்குத் தக்கபடி ஊலே (மாமா), அடோ (அத்தை), அப்வா (பாட்டி) என்று முறை சொல்லிக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றப் போகிறபோது பானையின் மூடியை நீங்கள் திறக்காதீர்கள். இது யாரும் சொல்லித்தராத விஷயம், நாங்கள் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். வறண்ட மாதத்தில் ஒரு வீட்டுப் பானைக்குள் எட்டிப் பார்ப்பது அவர்கள் மடியை அவிழ்த்துப் பார்ப்பதுபோல. ஒதுங்கி நில்லுங்கள். அவர்களே திறந்து, அடியில் இருப்பதை ஒரு சட்டியில் மாற்றிவிட்டு, பானையை நீட்டுவார்கள். அப்போது ஊற்றுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

மூன்று வருஷம் முன்னால், மூங்கில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அப்வா வீடு. பாய்ச் சுவர், தகரக் கூரை, மூன்று செங்கல் மேல் ஒரு பானை. நாங்கள் இன்னும் குழாயை அங்கே இழுத்துக்கொண்டு வரவில்லை, முன்னால் போன ஒரு பையன் வியர்த்து விறுவிறுத்து வாசலில் நிற்கிறான். அந்த அம்மா அவனை உட்காரச் சொல்லிவிட்டு, பானையைச் சாய்த்து, தேங்காய்ச் சிரட்டை அகப்பையை உள்ளே விட்டாள். அகப்பை பானையின் அடியில் உரசுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒரு குவளை முழுக்க நிரப்பி, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள். அவன் பதறிவிட்டான். "வேண்டாம் அப்வா, உங்களுக்கே இல்லை, நாங்கள் கொடுக்க வந்திருக்கிறோம்" என்றான். அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. முகம் சுருங்கியது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பக்கத்தில் நின்ற அந்த ஊர்ப் போதகர் தமிழில் மெதுவாக, "தம்பி, வாங்கிக் குடி" என்றார். குடித்தான். அவள் சிரித்துவிட்டு, அடுத்து என்னைப் பார்த்துக் குவளையைத் துடைத்தாள்.

சாயங்காலம் படகுத்துறையில் அந்தப் போதகர் எங்களைச் சுற்றி உட்காரவைத்து 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தை வாசித்தார். மழையில்லாத தேசத்தில் எலியா போய்ச் சேருகிற இடம் ஒரு விதவையின் ஊர். அவளிடம் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் இருக்கிறது. தீர்க்கதரிசி அவளுக்கு எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, குடிக்கத் தண்ணீர் கொண்டுவா என்று அவளிடம்தான் கேட்கிறார். "அவள் கையிலிருந்து வாங்க எலியாவுக்கு வெட்கமாக இல்லை, உங்களுக்கு ஏன் வெட்கம்?" என்று கேட்டார். லூக்கா 10-ல் கர்த்தர் எழுபது பேரை அனுப்பும்போது, உங்கள் முன் வைக்கிறதைச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார், கொடுத்துவிட்டு மட்டும் வாருங்கள் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று நாம் தள்ளுகிற ஒவ்வொரு குவளையிலும் அந்த மனிதரை வாங்குகிறவராக மட்டும் நிறுத்திவிடுகிறோம், அவருக்கும் கொடுக்கிற பாக்கியம் உண்டு என்பதையே எடுத்துவிடுகிறோம்.

ஆகவே எங்கள் பயணத்தில் இப்போது ஒரு விதி இருக்கிறது: கொடுத்தால் வாங்கிக்கொள். பாதிப் பேர் தண்ணீர் சுமக்கட்டும், பாதிப் பேர் உட்காரட்டும். பாய் விரித்தால் உட்காருங்கள். ஊறவைத்த தேயிலை வைத்தால் சாப்பிடுங்கள். குளத்துத் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் தேநீர் கேட்கலாம், கொதித்த தண்ணீர் பிளாஸ்கில் பெரும்பாலான வீட்டில் இருக்கும், ஆனால் உங்களுக்காகப் புதிதாக அடுப்பு மூட்டவைக்காதீர்கள், விறகும் காசுதான். மற்றவர்கள் ஒரு வாய் குடியுங்கள். வயிறு போனால் பார்த்துக்கொள்ளலாம்: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை தலைதட்டி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, கலக்கி அடிக்கடி குடித்தால் உடம்பில் தண்ணீர் வற்றாது. பையில் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் கோடையில் இது தேவைப்படும், கலக்கும் விதத்தை அம்மாக்களுக்குச் செய்து காட்டிவிட்டு வாருங்கள்.

சுவிசேஷம் பேசலாமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் கைப்பிரதியும் நீட்டாதீர்கள். சோற்றுக்காக வேதத்துக்கு வந்தவர்கள் என்ற பேச்சை நம் பாட்டன் காலத்தில் இருந்து நம் ஆட்கள் கேட்டு வருகிறோம், அந்தப் பேச்சை அந்த ஏழை மேலும் ஏற்றிவிட்டு வரவேண்டாம். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார். மொழி படித்து, 1819-ல் வழிப்போக்கர் தங்குகிற ஸயாட் மாதிரி ஒரு சாவடியைத் தெருவோரம் கட்டி, வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசினார். முதல் ஞானஸ்நானம் அந்த வருஷம்தான் நடந்தது, வந்து கிட்டத்தட்ட ஆறு வருஷம் கழித்து. அவர் எடுத்துக்கொண்டது இந்த ஊர் மக்கள் தர்மத்துக்குக் கட்டுகிற அதே சாவடியை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். நாம் அரைநாளில் அறுவடைக்கு அவசரப்படுகிறோம். யாராவது "நீங்கள் யார், ஏன் வந்தீர்கள்" என்று கேட்டால் ஒளிக்காமல், வெட்கப்படாமல் சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்குச் சொல்ல நமக்கு என்ன தயக்கம். கேட்காதவருக்கும் தண்ணீர் அதே அளவுதான்.

2008 மே 2, 3 தேதிகளில் அடித்த நர்கிஸ் புயலைப் பற்றி வயதானவர்கள் தாங்களாகவே பேச ஆரம்பிப்பார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து சுமார் 1,38,000 பேர், ஐராவதி டெல்டாவில் குளங்களில் எல்லாம் கடல் தண்ணீர் புகுந்துவிட்டது. பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள், அழுதால் கூடவே உட்கார்ந்திருங்கள், உடனே ஜெபம் என்று கண்ணை மூடிவிடாதீர்கள்.

போகாமல் இருப்பதும் சில நேரம் ஊழியம்தான். 2025 மார்ச் 28-ல் சகாய்ங், மாண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தபோது எங்கள் பிள்ளைகள் அன்று ராத்திரியே வண்டி பிடிக்க நின்றார்கள். நாங்கள் போகவில்லை. வீடிழந்து தெருவில் படுத்திருக்கிறவர்கள் நடுவில், கட்டடம் தோண்டவோ காயம் கட்டவோ தெரியாத இருபது பேர் போய் நின்றால் அவர்களுக்கும் சோறும் தண்ணீரும் படுக்கையும் அந்த ஊர்தான் தேட வேண்டும். வண்டிச் செலவையும் சேர்த்துப் பணமாக அங்கே உள்ள சபைக்கு அனுப்பிவிட்டோம்.

மழைக்கு முன்னால் ஒரு வேலை

தண்ணீர் கொண்டுபோவது அந்த வாரத்துக்கு. அடுத்த வருஷத்துக்கு என்று ஏதாவது செய்ய நினைத்தால், மே நடுவில் மழை பிடிப்பதற்குள் கூரை ஓரத்தில் மழைநீரைப் பிடித்து இறக்கும் பீலி கட்டிக் கொடுங்கள். ரங்கூன் பக்கம் வருஷத்துக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் தகரக் கூரையில் சிந்தியது சிதறியது போக 40,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம், பிடித்து வைக்கத்தான் இடம் இல்லை. ஐந்து பேர் வீட்டுக்கு, சமையலும் சேர்த்துத் தாராளமாக நாளுக்கு 25 லிட்டர் என்றால், பிப்ரவரி நடுவில் இருந்து மே நடுவரை 90 நாளுக்கு 2,250 லிட்டர். அந்த அளவுக்கு ஒரு தொட்டி இருந்தால் அந்த வீடு கோடையைத் தாண்டிவிடும். ஒரு வருஷத்தில் இரண்டு வீட்டுக்குச் செய்ய முடிந்தாலும் செய்யுங்கள், எந்த இரண்டு வீடு என்பதை அந்தத் தெருக்காரர்களே முடிவு செய்யட்டும். முதல் மழையைக் கூரை கழுவவிட்டு, அதற்குப் பிறகு தொட்டியில் பிடிக்க வேண்டும். வாயை வலையால் கட்டாவிட்டால் கொசு முட்டையிட்டு டெங்கு வரும். பிடித்து வைத்ததையும் கொதிக்கவைத்தே குடிக்கச் சொல்லுங்கள். ஜூனில் ஒரு தடவை போன் பண்ணி, பீலி ஒழுகுகிறதா என்று கேளுங்கள்.

திரும்பி வந்து சபையில் சாட்சி சொல்லும்போது பிள்ளைகள் இத்தனை வீடு, இத்தனை காலன் என்று அடுக்குவார்கள். கணக்கை ஒருவர் வாசித்தால் போதும். மற்ற ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: அங்கே யாரிடம் இருந்து என்ன வாங்கிக்கொண்டாய்? முதல் தடவை இப்படிக் கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண் எழுந்து, ஒரு அடோ தன் கையாலேயே அவள் கன்னத்தில் வெயிலுக்குப் பூசுகிற தனாக்கா மரப்பட்டைச் சாந்தைப் பூசி, வெயிலில் அலையாதே மகளே என்று சொன்னதைச் சொன்னாள். அன்றைக்கு ஆராதனை முடிய மத்தியானம் ஆகிவிட்டது.

அந்த வருஷம்தான் எங்கள் கோயில் வாசலில் நாங்களும் ஒரு யேஒசின் வைத்தோம். துவாந்தே பானை இரண்டு வாங்கினோம், டலாவில் இருந்து ரோட்டில் போனால் வருகிற ஊர்தான், பானைக்குப் பேர்போனது. நீங்களும் வைக்கிறதாக இருந்தால்: நிழல் விழுகிற பக்கம், முழங்காலுக்கு மேல் உயரத்தில், பிள்ளைக்கும் எட்டுகிற மாதிரி. காய்ச்சி ஆறிய தண்ணீர் அல்லது கேன் தண்ணீர், தினம் காலையில் ஒரு வீடு என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பானையைக் கவிழ்த்து உள்ளே தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். குவளையைச் சங்கிலி போட்டுக் கட்டாதீர்கள். யாராவது எடுத்துப் போய்விட்டால் இன்னொன்று வையுங்கள்.